டிஸ்பென்சரிக்கு யார் வருவது?

"சாப்பாட்டுக் கடைக்கு பிஎச்ஐ வாராரு, தண்ணிய பாக்குறாரு, கறிச்சட்டிய மூடி வைக்கச் சொல்றாரு. டிஸ்பென்சரிக்கு யாருண்ணே வாரது?"

கொஸ்லந்த கடைவீதியில் பிள்ளைக்கு மருந்து வாங்கிக்கொண்டு பஸ்சுக்காக நின்ற ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. கையில் சின்னச் சின்னக் கடதாசிப் பைகள். காலை, பகல், இரவு என்று கோடு போட்டு எண் எழுதியிருந்தது. எந்தப் பையிலும் மருந்தின் பெயர் இல்லை.

கேள்வி சின்னது, பதில் நீளமானது. ஆளுக்கொரு தேத்தண்ணி சொல்லிவிட்டு நிதானமாகப் பேசுவோம்.

பெரகலையிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் ஏ4 வீதியில், தியலும நீர்வீழ்ச்சிக்குச் சற்று முன்னால் இருக்கிறது கொஸ்லந்த. பதுளை மாவட்டம், ஹல்துமுல்ல பிரதேச செயலகப் பிரிவு. சுற்றிலும் தோட்டங்கள். இங்கே ஒரு வீட்டில் யாருக்காவது காய்ச்சல் கண்டால் அந்தக் குடும்பம் தட்டக்கூடிய கதவுகள் மூன்று. முதலாவது தோட்டத்து டிஸ்பென்சரி. அங்கே இருப்பவர் தோட்ட மருத்துவ உதவியாளர், நம் ஆட்கள் வாயில் 'ஈஎம்ஏ ஐயா'. இரண்டாவது அரசாங்க ஆஸ்பத்திரியின் ஓபிடி. மூன்றாவது, பின்னேரம் விளக்குப் போடும் தனியார் டிஸ்பென்சரி. பகலில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் டொக்டரே மாலையில் அங்கு நோயாளி பார்ப்பதும் உண்டு. கடமை நேரத்துக்கு வெளியே அப்படிச் செய்ய அவருக்கு அனுமதி இருக்கிறது. வெள்ளைக்காரன் நாட்டில் 'குடும்ப டொக்டர்' என்று ஒருவரிடம் பதிந்து வைத்துக்கொள்கிறார்கள். நமக்கு அந்த ஒருவரின் வேலையை இந்த மூன்று கதவுகளும் பங்கு போட்டுச் செய்கின்றன. சில வேளை ஒரே காய்ச்சலுக்கு ஒரே கிழமையில் மூன்றையும் தட்டி முடித்துவிடுகிறோம்.

மூன்று கதவுக்கும் சட்டம் வேறு, மேலதிகாரி வேறு, வந்து பார்ப்பவரும் வேறு. தங்கச்சியின் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாமல் போவது இதனால்தான்.

தனியார் கதவிலிருந்து தொடங்குவோம். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கொழும்பில் உள்ள பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும் போட்ட சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே ஒரு டொக்டர் மாலையில் சில மணி நேரம் நடத்தும் டிஸ்பென்சரியும் அதற்குள் அடங்கும். முழுநேரம், பகுதிநேரம் என்று பதிவுப் பிரிவுகளே தனித்தனியாக இருக்கின்றன. இதைப் பார்த்துக்கொள்ள தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குறுத்தல் பேரவை அமைக்கப்பட்டது. நம் பக்கத்து விண்ணப்பம் பதுளையில் உள்ள ஊவா மாகாண சுகாதாரப் பணிப்பாளர் வழியாகப் போகும். பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஆகவே ஒரு டிஸ்பென்சரியின் சுவரில் இந்த ஆண்டுக்கான பதிவுச் சான்றிதழ் தொங்குகிறதா என்பது நீங்களும் நானும் நிமிர்ந்து பார்த்தே தெரிந்துகொள்ளக்கூடியது.

இடத்துக்குப் பதிவு ஒன்று, ஆளுக்குப் பதிவு இன்னொன்று. டொக்டர் உண்மையில் டொக்டர்தானா என்பதைச் சொல்வது இலங்கை மருத்துவப் பேரவை. அது 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்குவது. பதிவு இலக்கமோ பெயரோ தெரிந்தால் பேரவையின் இணையத்தளத்தில் போனிலேயே தேடிப் பார்க்கலாம். மருந்துக்கு மூன்றாவது காவல். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையும், ஊரளவில் உணவு மற்றும் ஔடதப் பரிசோதகர்களும் அதற்குப் பொறுப்பு.

அரசாங்க ஆஸ்பத்திரிக்கு இந்த 2006 சட்டம் இல்லை. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு கொஸ்லந்த போன்ற சிறிய ஆஸ்பத்திரிகள் மாகாணத்தின் பொறுப்பு. பிராந்தியப் பணிப்பாளரும் மாகாணப் பணிப்பாளரும் மேற்பார்வை செய்கிறார்கள். அதாவது நடத்துபவரும் சோதிப்பவரும் ஒரே திணைக்களம். இது எனக்கு ஒருபோதும் திருப்தி தந்ததில்லை. சுகாதார அமைச்சில் தரத்துக்கும் பாதுகாப்புக்குமாக ஒரு தனிப் பிரிவு இருக்கிறது, வழிகாட்டல்களும் வருகின்றன. ஆனால் வாங்கில் உட்கார்ந்திருக்கும் நோயாளியின் கண்ணுக்கு எட்டும் அறிக்கை எதுவும் அங்கிருந்து வந்து சுவரில் ஒட்டப்படுவதில்லை.

தோட்டத்து டிஸ்பென்சரியின் கதை இன்னும் பழையது, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 1912இல் இரண்டு கட்டளைச் சட்டங்கள் வந்தன. ஒன்று மருத்துவத் தேவைகள் பற்றியது, மற்றது தொழிலாளரின் நோய்கள் பற்றியது. தோட்டத்து நோயாளிக்கு மருந்து கிடைக்கச் செய்வது துரையின் கடமை என்று சட்டம் சொன்னது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாதம் சாப்பாடும் இருப்பிடமும் கொடுக்க வேண்டும் என்றது. அரசாங்க வைத்திய அதிகாரி தோட்டத்துக்குள் வந்து லயத்தையும் நோயாளிகளையும் பார்வையிடலாம் என்றது. அரசு ஏற்றுக்கொள்ளும் தரத்தில் ஆஸ்பத்திரியோ டிஸ்பென்சரியோ நடத்தும் தோட்டங்களுக்கு வரியில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடும் இருந்தது. இந்தக் கடைசி விஷயத்தைக் கவனியுங்கள். தரத்தைப் பரிசோதித்து, தரம் இருந்தால் பணம் என்ற முறை நூறு வருஷத்துக்கு முன்பே நம் மலைகளில் இருந்திருக்கிறது. அக்கறையில் பிறந்ததா, கூலியாட்கள் படுத்துவிட்டால் கொழுந்து எடுக்க ஆள் இல்லை என்ற கணக்கில் பிறந்ததா என்று கேட்டால், கணக்குத்தான் பெரிது என்பேன். ஆனாலும் பரிசோதகர் என்று ஒருவர் வந்தார். வந்தால் துரைக்குப் பணம் கூடும் அல்லது குறையும் என்பதால் அவர் சொல்லுக்கு ஒரு கனம் இருந்தது.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளிடம் போனபோது நலன்புரிக்கென ஒரு நிதியம் அமைத்தார்கள். இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்ற பெயரில் இருப்பது அதுதான். தோட்ட ஆஸ்பத்திரிகள் சிலவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது, பல டிஸ்பென்சரிகள் தோட்ட நிர்வாகத்தோடேயே நின்றுவிட்டன. இடையில் யார் யாருக்குப் பொறுப்பு என்பது மங்கிப்போனது. ஈஎம்ஏ ஐயாமாரில் இரவு இரண்டு மணிக்கும் கதவைத் திறந்தவர்கள், மழையில் நனைந்து லயத்துக்கு ஓடி வந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் முழுமையாகப் படித்த டொக்டர் ஒருவர் செய்யவேண்டியதை உதவியாளர் ஒருவர் தலையில் சுமத்திவிட்டு, அவருடைய மருந்து அலுமாரியை யாரும் வந்து பார்க்காமல் விடுவது அவருக்குச் செய்யும் அநியாயமும்கூட.

சரி, ஒரு பரிசோதகர் உண்மையிலேயே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வந்து எதைப் பார்ப்பார்? நிலம் கூட்டியிருக்கிறதா, சுவருக்கு வெள்ளை அடித்திருக்கிறதா என்பது கடைசி. வேலை தெரிந்த பரிசோதகர் முதலில் குளிர்சாதனப் பெட்டியைத் திறப்பார். இன்சுலினும் தடுப்பூசியும் 2 பாகை செல்சியசுக்கும் 8 பாகைக்கும் இடையில் இருக்க வேண்டும். கூடினாலும் கெடும். உறைந்துபோனால், பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாமல் சில மருந்துகள் செத்துவிடும். நம் பக்கம் மழைக்காலத்தில் மின்சாரம் போவதும் வருவதும் தெரிந்ததே. பெட்டிக்குள் வெப்பமானி இருக்கிறதா, காலையும் மாலையும் அளவைக் குறித்து வைக்கிறார்களா, மின்சாரம் போனபோது என்ன செய்தார்கள் என்று கேட்பார். அந்தக் குறிப்பேட்டில் மாதக்கணக்காக ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே எண் இருந்தால் அவருக்கு விளங்கிவிடும்.

அடுத்தது அவசரத் தட்டு. ஊசி போட்ட சில நிமிடத்தில் ஒருவருக்கு உடம்பெல்லாம் தடித்து, மூச்சு அடைத்து, பிறஷர் விழுந்துவிடலாம். அப்போது தொடைத் தசையில் அட்ரினலின் ஊசி உடனே போட வேண்டும். கொஸ்லந்தயிலிருந்து தியத்தலாவை ஆஸ்பத்திரிக்கு வளைவுக்கு வளைவு ஏறிப் போக வேண்டிய பாதை. 1990 சுவசெரிய அம்பியுலன்சைக் கூப்பிட்டாலும் அது வந்து சேரும்வரை உயிரைப் பிடித்து வைத்திருக்க வேண்டியது அந்தச் சின்ன ஊசிதான். அதன் விலை சொற்பம். அது தட்டில் இருக்கிறதா, காலாவதித் திகதி தாண்டிவிட்டதா, எங்கே இருக்கிறது என்று மருந்து கொடுக்கும் பிள்ளைக்குத் தெரியுமா? ஊசி போடும் ஓர் இடத்தில் இந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லை என்றால் மீதியைப் பார்க்க வேண்டியதே இல்லை என்பது என் எண்ணம்.

பிறகு கத்தரிக்கோல், இடுக்கி, காயம் கட்டும் சாமான்கள். வெந்நீரில் கொதிக்க வைத்தால் போதும் என்ற பழக்கம் இன்னும் இருக்கிறது. சில கிருமிகளின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. அழுத்தத்தோடு 121 பாகை நீராவியில் வைக்க வேண்டும், வைத்த நேரத்தையும் எழுத வேண்டும். இழுப்புக்குப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் முகமூடியை ஒரு பிள்ளையிலிருந்து இன்னொரு பிள்ளைக்கு அப்படியே மாற்றுகிறார்களா என்று பார்ப்பார். பாவித்த ஊசி, யாரும் கை விட முடியாத மஞ்சள் பெட்டிக்குள் போகிறதா, பின்பக்கத்து வாழைத் தோட்டத்துக்குப் போகிறதா என்று பின்வாசலால் போய்ப் பார்ப்பார். பின்வாசலால் போகாத பரிசோதகர் பாதிப் பரிசோதகர்.

இவை எல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. கண்ணுக்குத் தெரியாத ஆபத்துத்தான் பெரிது. அது கொப்பியில் இருக்கிறது, அல்லது கொப்பியே இல்லாததில் இருக்கிறது.

நம் வீடுகளில் இருக்கும் ஓர் ஆச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். பிறஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் அரசாங்க கிளினிக்கில் கொப்பி இருக்கிறது. லொசார்டன் குடிக்கிறார், அதோடு சிறுநீர் போக ஒரு குளிசையும். மலை ஏறி இறங்கி முழங்கால் நோவு. கிளினிக் நாள் வர இன்னும் மூன்று கிழமை. பின்னேரம் தனியார் டிஸ்பென்சரிக்குப் போகிறார், கொப்பியை வீட்டில் வைத்துவிட்டு. அங்கே பெயரில்லாத பையில் நோவுக் குளிசை கிடைக்கிறது, அது டைக்ளோபெனாக். நோவு போய்விடும், அந்த டொக்டரின் கைராசிக்கு நல்ல பெயரும் வரும். ஆனால் இந்த மூன்று மருந்தும் ஒன்றாகச் சேர்ந்தால் வயதானவரின் சிறுநீரகம் சத்தமில்லாமல் கெடலாம். மூன்று கதவுகளையும் தனித்தனியாகப் பரிசோதித்தால் எல்லாம் சரி என்றே வரும். தவறு கதவுகளுக்கு இடையில் இருக்கிறது. அந்த இடத்தை எந்தப் பரிசோதகரும் பார்ப்பதில்லை.

டெங்குக் காலத்தில் இது உயிர்ப் பிரச்சினை. டெங்குச் சந்தேகம் இருக்கும் காய்ச்சலுக்கு பரசிட்டமோல் தவிர, இபுபுரூபன், டைக்ளோபெனாக் போன்ற நோவு மருந்துகளைக் கொடுக்க வேண்டாம் என்று சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. அவை இரத்தக் கசிவைக் கூட்டும். முதல் நாள் ஒரு டிஸ்பென்சரியில் பெயரில்லாத பையில் வாங்கியதைக் குடித்துவிட்டு, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளையின் அம்மாவிடம் "என்ன மருந்து கொடுத்தீங்க?" என்று டொக்டர் கேட்டால், "ஒரு மஞ்சக் குளிசையும் ஒரு வெள்ளக் குளிசையும் சேர்" என்பதுதான் பதிலாக வரும். அந்த அம்மாவுக்குத் தெரிந்ததே அவ்வளவுதான்.

மருந்தின் பெயரை எழுதிக் கொடுப்பது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நான் சேனக பிபிலேயை நினைத்துக்கொள்வேன். நம் ஊவாவின் பிபிலையில் 1920இல் பிறந்தவர். மருந்தியல் பேராசிரியர். 1970களின் தொடக்கத்தில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்து, கம்பனிகளின் வியாபாரப் பெயர்களுக்குப் பதிலாக மருந்தின் சொந்தப் பெயரைப் பாவிக்க வேண்டும், தேவையான மருந்துகளை மட்டும் நியாய விலைக்கு வாங்க வேண்டும் என்று போராடினார். உலகமே பிறகு அந்த வழியைப் பேசியது. அவருடைய கொள்கையை நிறைவேற்றும் சட்டம் என்றுதான் 2015 ஔடதச் சட்டத்தையும் பேசினார்கள். அந்த மனிதர் பிறந்த மாகாணத்திலேயே நோயாளியின் பையில் மருந்தின் பெயர் இல்லை என்றால், அதைப் பெரிய குறை என்றே எழுத வேண்டும். காவல் எவ்வளவு தேவை என்பதற்கு 2023ஐயும் மறக்கக் கூடாது. தரமற்ற இமியூனோகுளோபுலின் மருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்குள் வந்த விவகாரம் வெடித்து, 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சர் கைது செய்யப்படும் அளவுக்குப் போனது.

மொழியும் பாதுகாப்பில் ஒரு பாகம். தமிழும் அரசகரும மொழி என்று 13ஆவது திருத்தம் எழுதி எத்தனையோ வருஷம். ஆனால் டொக்டருக்குத் தமிழ் தெரியாமல், ஆச்சிக்குச் சிங்களம் போதாமல், நடுவில் மருந்து கொடுக்கும் பிள்ளை மொழிபெயர்க்கும் டிஸ்பென்சரிகள் நம் பக்கம் சாதாரணம். மெதொட்ரெக்சேட் என்று ஒரு குளிசை இருக்கிறது, மூட்டு வாதத்துக்குக் கொடுப்பது. கிழமைக்கு ஒரு நாள் மட்டும் குடிக்க வேண்டும். அதை நாளாந்தம் குடித்தால் எலும்பு மச்சை செத்து, ஆளே போய்விடலாம். 'கிழமைக்கு' என்ற ஒரு சொல் நடுவில் தவறினால் முடிந்தது. பரிசோதகர் தமிழில் எழுதிய லேபல் இருக்கிறதா, தமிழ் பேசும் ஒருவர் கடமையில் இருக்கிறாரா என்று பார்ப்பதை மரியாதைப் பிரச்சினையாக மட்டும் எடுக்கக் கூடாது. அவர் பார்ப்பது மருந்தின் அளவைத்தான்.

இனி, இதையெல்லாம் ஒழுங்காகச் செய்ய முயன்ற ஒரு நாட்டைப் பார்ப்போம். இங்கிலாந்தில் ஹைட் என்ற ஊரில் ஹரோல்ட் ஷிப்மன் என்றொரு குடும்ப டொக்டர் இருந்தார். கனிவானவர், வீடு தேடி வருபவர், நோயாளிகள் விரும்பிப் போய்ப் பதிந்துகொண்டவர். 2000 ஜனவரியில் தன் நோயாளிகள் 15 பேரைக் கொன்றதற்காக அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பிறகு நடந்த விசாரணை, கொல்லப்பட்டவர்கள் 215 பேர் என்று 2002இல் கண்டது. வருஷக்கணக்காக நடந்திருக்கிறது. அந்த டொக்டரின் நோயாளிகளில் ஏன் இத்தனை பேர் சாகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கும் ஏற்பாடு எங்கும் இருக்கவில்லை. இது ஒரு கொலைகாரனின் கதை, நம் டொக்டர்மார் யாரையும் இதோடு சேர்த்துப் பேசுவது பாவம். ஆனால் 'எங்கட டொக்டர் தங்கமானவர்' என்ற நம்பிக்கை ஒரு பரிசோதனைக்கு ஈடாகாது என்பதை அந்த நாடு அப்போது இரத்தம் சிந்தித் தெரிந்துகொண்டது. நல்ல மனம் உள்ள டொக்டரின் பெட்டியிலும் காலாவதியான அட்ரினலின் இருக்கலாம்.

2009இல் அங்கே தரப் பராமரிப்பு ஆணைக்குழு ஒன்று வேலை தொடங்கியது. 2013 ஏப்ரலில் குடும்ப டொக்டர்மாரின் நிலையங்களும் அதன் கீழ் வந்தன. பாதுகாப்பானதா, பலன் தருகிறதா, பரிவு இருக்கிறதா, மக்களின் தேவைக்கு ஈடுகொடுக்கிறதா, நிர்வாகம் நன்றாக இருக்கிறதா என்று ஐந்து கேள்விகளோடு போகிறார்கள். குளிர்சாதனப் பெட்டியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதில்லை. கணினிப் பதிவில் தேடி, மெதொட்ரெக்சேட் குடிக்கும் நோயாளிகளில் எத்தனை பேருக்கு இரத்தப் பரிசோதனை நேரத்துக்கு நடந்திருக்கிறது என்று எடுக்கிறார்கள். நான் மெச்சுவது இதைத்தான். அறிக்கை வெளியாகிறது. மிகச் சிறப்பு, நன்று, திருத்தம் தேவை, போதாது என்ற நான்கில் எது கிடைத்தது என்பதை நோயாளிகள் பார்க்கும் இடத்தில் ஒட்டுவது சட்டப்படி கட்டாயம்.

அங்கேயும் அது சறுக்கியது. 2024 ஜூலையில் வெளியான இடைக்கால ஆய்வு ஒன்று, பல இடங்கள் வருஷக்கணக்காக மறுபரிசோதனை காணவில்லை, சில இடங்களுக்கு ஒருமுறைகூட மதிப்பீடு கொடுக்கப்படவில்லை, பரிசோதகர்களுக்கே அனுபவம் போதவில்லை என்று சொன்னது. அந்த நாட்டுச் சுகாதார அமைச்சரே ஆணைக்குழு தன் வேலைக்குத் தகுதியான நிலையில் இல்லை என்றார். சுவரில் 'நன்று' என்று ஒட்டியிருக்கும், அது எப்போதோ பார்த்தது. பரிசோதனைக்கும் காலாவதித் திகதி உண்டு.

பரிசோதனை மட்டும் போதாது என்பதைக் கொஸ்லந்தயில் இருப்பவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. பரிசோதனை நடந்தது, படித்தவர்கள் வந்து பார்த்தார்கள், சரியாகவே சொன்னார்கள், அறிக்கை இருந்தது. அந்த அறிக்கைக்கும் லயத்துக்கும் நடுவில் யாரும் இல்லை. எந்தத் திகதிக்குள், யார், எந்தக் காசில் நம் ஆட்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற வரி அதில் நிறைவேறவில்லை. எஞ்சியவர்களுக்கு மாக்கல்தெனியவில் புதிய வீடுகள் 2016இல் கையளிக்கப்பட்டன. அது நடந்தது, நல்லது. ஆனால் பிந்தியது.

அதனால்தான் டிஸ்பென்சரிப் பரிசோதனை பற்றி யார் பேசினாலும் நான் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைக் கேட்கிறேன். குறை கண்டீர்கள், சரி. திருத்துவதற்குத் திகதி என்ன? திரும்ப வந்து பார்ப்பவர் யார்? அதை அங்கே மருந்து எடுக்கும் மக்களுக்குச் சொன்னீர்களா?

ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கொழும்பில் ஒரு டிஸ்பென்சரிக்குப் பூட்டுப் போட்டால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கும். மலையில் அப்படி இல்லை. இருக்கும் ஒன்றையும் சீல் வைத்துவிட்டுப் போனால், அடுத்த நாளே ஆட்கள் படிக்காத கைவைத்தியரிடமோ, துண்டு இல்லாமல் மருந்து விற்கும் கடைக்கோ போவார்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ டொக்டர்மார் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர் ஒரு காலைக்குள் பார்க்கும் நோயாளிகளின் வரிசையைப் பார்த்தால் அவருக்காகவும் மனம் வருந்தும். ஆகவே இங்கே வரும் பரிசோதகர் பொலிஸ்காரரைப் போல வந்து பயன் இல்லை. போலி டொக்டருக்கு இரக்கம் வேண்டாம், அது வேறு. குளிர்சாதனப் பெட்டி பழுதாகி இருக்கும் அரசாங்க ஆஸ்பத்திரிக்கும் தோட்டத்து டிஸ்பென்சரிக்கும், 'பெட்டி பழுது' என்று எழுதிவிட்டுப் போகும் பரிசோதனை பாதி வேலை. பெட்டி வரும்வரை அது அவருடைய கோப்பிலும் திறந்தே இருக்க வேண்டும்.

கொழுந்துக்கு நாம் எத்தனை பரிசோதனை வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். நிறுவையில் கங்காணி முற்றல் இலையைப் பொறுக்கிக் கழிக்கிறார். பக்டரியில் வாட்டும்போது, அரைக்கும்போது, சலிக்கும்போது ஆள் நின்று பார்க்கிறார். ருசி பார்ப்பவர் ஒரு மிடறில் தோட்டத்தின் பெயரையே சொல்லிவிடுவார். கப்பல் ஏறுமுன் தேயிலைச் சபையும் பார்க்கிறது. ஒரு பெட்டி தேயிலை எங்கே, எந்த நாள் தயாரானது என்று இலக்கம் வைத்துத் திரும்பிப் போய்க் கண்டுபிடிக்கலாம். அந்தக் கொழுந்தை எடுத்த பெண்ணின் மருந்துப் பையில் ஒரு பெயர் இல்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளவில் 17 வீதம், தோட்டத்தில் 32 வீதம். இப்படி ஏற்கெனவே வளர்ச்சி குன்றியிருக்கும் உடம்புக்குத்தான் பிழையான மருந்து இன்னும் கேடு செய்கிறது.

மூன்று கதவையும் ஒரே கொப்பியால் கட்ட முடியும். அதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் ஆளுக்கொரு கொப்பி. தோட்டத்து டிஸ்பென்சரி, அரசாங்க கிளினிக், தனியார் டொக்டர் மூவரிடமும் அதே கொப்பியை நீட்டுங்கள். "டொக்டர், மருந்துப் பெயர இதுல எழுதித் தாங்க" என்று கேளுங்கள். கோபிக்கும் டொக்டர் மிகக் குறைவு. பெரும்பாலானவர்கள் எழுதித் தருவார்கள், நேரம் இல்லை என்றால் மருந்து கொடுக்கும் பிள்ளை எழுதித் தரட்டும். ஊசி என்றால் என்ன ஊசி, ஏன் என்று ஒரு கேள்வி. பிறஷர், சீனி, ஆஸ்துமா மருந்து ஏற்கெனவே எடுக்கிறீர்கள் என்றால் வாய் திறந்து சொல்லிவிடுங்கள். அவர் கேட்கட்டும் என்று இருக்க வேண்டாம்.

பரிசோதனை நடந்ததா என்று தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தோட்டத்து மக்களுக்கும் உரியது. பதுளையில் உள்ள மாகாண சுகாதாரப் பணிப்பாளர் அலுவலகத்தின் தகவல் அதிகாரிக்குத் தமிழிலேயே எழுதலாம். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியைக் கடைசியாக யார், எந்தத் திகதியில் பார்வையிட்டார்கள், என்ன குறை கண்டார்கள், எது திருத்தப்பட்டது. இந்தப் பிரிவில் பதிவு புதுப்பித்த தனியார் டிஸ்பென்சரிகள் எவை. தோட்டத்து டிஸ்பென்சரிகளை உங்கள் அலுவலகத்திலிருந்து யார் வந்து பார்க்கிறார்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. கொடுக்கிறார்களா மறுக்கிறார்களா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். தனி ஆளாக எழுதத் தயக்கம் என்றால் கோயில் கமிட்டியோ, மாதர் சங்கமோ, பாடசாலைப் பழைய மாணவர் சங்கமோ எழுதட்டும். தொழிற்சங்கத் தலைவர்மார் சம்பளப் பேச்சுக்கு உட்காரும் மேசையில் தோட்டத்து மருந்து அலுமாரியையும் ஒரு விஷயமாக வைக்கட்டும்.

கடிதம் எழுதத் தெரிந்த ஒரு பிள்ளை இன்று எல்லா லயத்திலும் இருக்கிறது. இந்த மாதமே ஒன்று எழுதிப் போடுங்கள். வரும் பதிலை டிஸ்பென்சரிக்குப் பக்கத்தில், எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள்.